பலமான எதிராளி என்றதும் கை நடுங்குதா? ரிங்கில் ஏறும் முன் பதற்றத்தைக் குத்துச்சண்டை வீரர்கள் சமாளிப்பது எப்படி?

காலையில் எடை பார்த்து முடித்தாயிற்று. மண்டபத்துச் சுவரில் யாருக்கு யாருடன் சண்டை என்ற பட்டியலை ஒட்டுகிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் உங்கள் பெயரைத் தேடுகிறீர்கள். எதிரே இருக்கும் பெயரைப் பார்த்ததும் வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. பக்கத்தில் நிற்பவர் சும்மா இருப்பாரா? "போன வருஷம் மெடல் அடிச்சவன்டா அவன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். கை சில்லிட்டுப் போகிறது, நாக்கு வறண்டுபோகிறது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போகத் தோன்றுகிறது.

குத்துச்சண்டை ஆடும் எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். காரைக்கால் கோவில்பத்தில் இருந்து கிளம்பும் ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ இதில் கொஞ்சம் கூடுதல் சுமையும் உண்டு. நாகப்பட்டினம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். அதனால் மாநில அளவில் ஆட வேண்டும் என்றால் புதுச்சேரி அணிக்குத்தான் ஆட வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் இறங்கினால், அங்கே இருக்கும் முகங்கள் எல்லாம் புதுசு. எதிராளிக்கோ அது சொந்த ஊர், கைதட்ட நண்பர்கள் கூட்டம்.

இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் சொல்லும் அறிவுரை "பயப்படாதே" என்பது. ஆனால் சொன்ன உடனே போய்விடும் அளவுக்குப் பயம் நம் பேச்சைக் கேட்பதில்லை. பெரிய வீரர்களும் பயந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள்? நம் உடம்புக்குள் அப்போது என்ன நடக்கிறது? எந்த நடுக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதை விடவே கூடாது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

டோக்கியோவில் லவ்லினா என்ன செய்தார்?

2021 ஜூலை 30. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 69 கிலோ எடைப்பிரிவு காலிறுதி. இந்தியாவின் லவ்லினா போர்கோஹெய்னுக்கு அப்போது வயது 23. அசாம் மாநிலம் கோலாகாட் மாவட்டத்தில் பரோமுகியா என்ற சின்ன கிராமத்தில் இருந்து வந்தவர்.

எதிரே நின்றவர் சீன தைபேயின் சென் நியென்-சின், முன்னாள் உலக சாம்பியன். 2018-ல் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் லவ்லினா தோற்றது இவரிடம்தான். சென் அந்த முறை தங்கம் வென்றார், லவ்லினாவுக்கு வெண்கலம்.

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அரையிறுதிக்குப் போய்விட்டாலே பதக்கம் உறுதி. அதாவது அன்றைக்கு ஜெயித்தால் பதக்கம், தோற்றால் வெறுங்கை. ஏற்கெனவே தன்னைத் தோற்கடித்தவரிடம், வாழ்க்கையின் மிகப் பெரிய மேடையில் மோத வேண்டும்.

லவ்லினா 4-1 என்ற கணக்கில் ஜெயித்தார். விஜேந்தர் சிங், மேரி கோம் ஆகியோருக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் பெறும் மூன்றாவது இந்தியக் குத்துச்சண்டை நட்சத்திரம் ஆனார்.

போட்டி முடிந்ததும் அவர் சொன்ன பதில் பலருக்கு ஆச்சரியம். தனியாக வியூகம் என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, ஏற்கெனவே இவரிடம் தோற்றிருக்கிறேன், பயமில்லாமல் ஆட முடியும் என்று எனக்கே நிரூபிக்க நினைத்தேன் என்ற பொருளில் பேசினார். முன்பெல்லாம் தன் மேலேயே சந்தேகம் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு 'திட்டமே வேண்டாம் போல' என்று நினைத்துவிடக் கூடாது. வருடக்கணக்கில் பயிற்சி செய்தவர் அவர். என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கும் காலுக்கும் ஏற்கெனவே தெரியும். கடைசி நேரத்தில் அவர் மாற்றியது ஒன்றைத்தான்: 'அவரை எப்படி ஜெயிப்பது' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'நான் எப்படி ஆட வேண்டும்' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். எதிராளி நம் கட்டுப்பாட்டில் இல்லை, நம்முடைய ஆட்டம் நம் கையில் இருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால், அது தெருநாயாக இருந்தாலும் சரி, ரிங்கில் நிற்கும் எதிராளியாக இருந்தாலும் சரி, உடம்பு ஒரே மாதிரிதான் தயாராகும். சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். அதன் பிறகு வரிசையாக இவையெல்லாம் நடக்கும்:

இதயம் வேகமாகத் துடிக்கும். கை கால் தசைகளுக்கு அதிக ரத்தம் போக வேண்டும் என்பதற்காக.

வயிறு பிசையும். செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புவதால்.

வாய் வறளும். எச்சில் சுரப்பது குறைவதால்.

உள்ளங்கை வியர்க்கும், விரல்கள் நடுங்கும். தசைகள் பாய்வதற்குத் தயாராக இறுகுவதால்.

பார்வை குறுகும், சத்தம் தூரத்தில் கேட்பது போல இருக்கும். மூளை ஒரே விஷயத்தில் கவனத்தைக் குவிப்பதால்.

இந்தப் பட்டியலில் நோய் எதுவும் இல்லை. சண்டை போடப் போகும் உடம்பு தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் தயாரிப்பு நேரம் தப்பி வரும்போது. மாலை 4 மணி சண்டைக்கு காலை 9 மணியில் இருந்தே உடம்பு எரிந்துகொண்டிருந்தால், ரிங்கில் ஏறும்போது எரிபொருள் தீர்ந்துபோயிருக்கும். "முதல் ரவுண்டுலேயே கை தூக்க முடியலை சார்" என்று பசங்க சொல்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தோள் இறுகிப்போய், மூச்சு மேலோட்டமாக ஓடி, குத்து விடுவதற்கு முன்பே தசை களைத்துவிடுகிறது.

முகமது அலிக்கும் பயம் வந்ததா?

வந்தது. 1964 பிப்ரவரி 25, அமெரிக்காவின் மயாமி பீச். அப்போது அவர் பெயர் காசியஸ் கிளே, வயது 22. எதிராளி சோனி லிஸ்டன், ஹெவிவெயிட் உலக சாம்பியன். லிஸ்டன் என்ற பெயரைக் கேட்டாலே மற்ற வீரர்கள் தயங்கிய காலம் அது. பந்தயக்காரர்கள் 7-க்கு 1 என்று லிஸ்டன் பக்கம் இருந்தார்கள்.

அன்று காலை எடை பார்க்கும் இடத்தில் கிளே போட்ட கூச்சலைப் பார்த்துப் பத்திரிகையாளர்கள் திகைத்துப்போனார்கள். அவருடைய நாடித்துடிப்பை மருத்துவர் பார்த்தபோது நிமிடத்துக்கு 120. வழக்கமாக அவருக்கு 54 தான் இருக்கும். 'பையன் சாவுக்குப் பயப்படுகிறான்' என்கிற அளவுக்கு மருத்துவர் முடிவுக்கே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. கூச்சலில் பாதிக்கு மேல் நாடகம், லிஸ்டனைக் குழப்புவதற்காக.

ஆனால் எல்லாமே நாடகம் இல்லை. ரிங்கின் நடுவில் நடுவர் விதிகளைச் சொல்லும்போது லிஸ்டன் முறைத்த முறைப்பில் தனக்கு உண்மையிலேயே பயம் வந்தது என்று அலி பின்னாளில் ஒப்புக்கொண்டார். பயந்தவர் என்ன செய்தார்? மணி அடித்ததும் தனக்குத் தெரிந்த ஆட்டத்தை ஆடினார்: காலை ஓடவிட்டு, தூரத்தைக் காத்து, ஜாப் போட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை. இதே அலிதான் 1980-ல் சென்னைக்கு வந்து கண்காட்சிப் போட்டி ஆடியவர். வட சென்னையில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லும் பெரியவர்கள் உண்டு.

மைக் டைசன் கதை இன்னும் நெருக்கமானது. 1982-ல் ஜூனியர் ஒலிம்பிக் போட்டிக்குப் போன இடத்தில், 16 வயதைக்கூடத் தொடாத டைசன் மண்டபத்துக்கு வெளியே நின்று பயிற்சியாளர் டெடி அட்லஸின் தோளில் சாய்ந்து அழுதார். தோற்றுவிட்டால் யாரும் தன்னை விரும்ப மாட்டார்கள் என்ற பயம். அந்தக் காட்சி படமாகவே பதிவாகியிருக்கிறது. அழுது முடித்து உள்ளே போனவர் ஜெயித்துவிட்டு வந்தார். சில வருடங்களில் உலகமே பார்த்துப் பயந்த ஆள், எதிராளியின் குத்தைவிட, தோற்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்குத்தான் அன்று அழுதார். நம் ஊர்ப் பசங்களுக்கும் பாதிப் பயம் இதுதான்.

பதற்றம் எவ்வளவு இருக்கலாம்?

1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த ஆய்வில் இருந்து வளர்ந்த கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: தூண்டுதல் ரொம்பக் குறைந்தாலும் திறமை வெளிவராது, ரொம்பக் கூடினாலும் வெளிவராது, நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சுத்தமாகப் பதற்றமே இல்லாமல் ரிங்கில் ஏறுபவர் அசட்டையாகக் கார்டைக் கீழே விடுவார். பதற்றம் தலைக்கேறியவர் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசுவார்.

அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தர் பாட்டுக் கேட்டு உசுப்பேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், இன்னொருத்தர் மூலையில் தனியாக உட்கார வேண்டியிருக்கும். நன்றாக ஆடிய நாட்களில் போட்டிக்கு முன் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நாலைந்து போட்டியில் உங்கள் இடம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு ஆய்வும் இங்கே உதவும். ஹார்வர்டு பேராசிரியர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்டது. கூட்டத்துக்கு முன் பாட, பேச, கணக்குப் போட வேண்டியவர்களில் சிலரை 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றும், சிலரை 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்றும் சொல்லிக்கொள்ள வைத்தார். உற்சாகம் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சிடம் போய் 'அமைதியாக இரு' என்றால் அது நம்பாது. 'உடம்பு ரெடி ஆகுது' என்றால் நம்பும், ஏனென்றால் அது உண்மை. அந்த ஆய்வு ரிங்கில் நடந்தது இல்லைதான், ஆனால் வார்த்தையை மாற்றிப் பார்க்கக் காசு ஒன்றும் செலவாகாது.

ஒரு வாரம் முன்பு: என்ன செய்யணும்?

எதிராளி யார் என்று முன்பே தெரிந்தால், அவரைப் பற்றிக் கோச் பார்த்துக்கொள்ளட்டும். அவர் இடது கைக்காரரா, உயரமா, முன்னேறி வந்து அடிப்பவரா, பின்வாங்கி அடிப்பவரா என்ற நாலு தகவல் போதும். அதே பாணியில் ஆடக்கூடிய ஒருத்தருடன் ஸ்பாரிங் செய்தால், ரிங்கில் பார்க்கும்போது அது புதுசாக இருக்காது. புதுசு குறையக் குறையப் பயமும் குறையும்.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. ராத்திரி 12 மணிக்குப் படுத்துக்கொண்டு எதிராளியின் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. யாரும் தான் அடி வாங்கிய வீடியோவைப் போட மாட்டார்கள். அங்கே நீங்கள் பார்ப்பது அவர் வெட்டி ஒட்டிய அரை நிமிஷம்.

இரண்டே இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அதை 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்ற வடிவில் வையுங்கள். "அவன் உள்ளே வந்தா நான் ஜாப் போட்டு வலப்பக்கம் நகருவேன்." "நல்ல குத்து ஒண்ணு என் மேல விழுந்தா, உடனே திருப்பி அடிக்க மாட்டேன், கார்டைத் தூக்கி ரெண்டு அடி நகருவேன்." பத்துத் திட்டம் வைத்திருப்பவருக்குப் பதற்றத்தில் ஒன்றும் ஞாபகம் வராது. இரண்டு இருந்தால் வரும்.

முந்தைய இரவும் காலையும்

முந்தின ராத்திரி தூக்கம் சரியாக வராது. அதற்காக இன்னும் பதறாதீர்கள். ஒரு ராத்திரி தூக்கம் குறைவதால் ஆட்டம் கெட்டுவிடாது, அதற்கு முந்தைய நாட்களில் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் போதும். க்ளவுஸ், பேண்டேஜ், மவுத் கார்டு, ஷூ, அடையாள அட்டை, மருத்துவப் புத்தகம் எல்லாவற்றையும் ராத்திரியே பையில் வைத்துவிடுங்கள். காலையில் மவுத் கார்டைக் காணோம் என்று தேடுவதைப் போலப் பதற்றத்தைக் கூட்டுவது வேறொன்றும் இல்லை.

தூரத்தில் இருந்து போகிறவர்கள் முடிந்தால் முதல் நாளே போய்விடுவது நல்லது. காரைக்காலில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து நாலு மணி நேரம் உட்கார்ந்து, நேராக எடை பார்க்கப் போனால் உடம்பும் மனசும் தயாராக இருக்காது. போன உடனே மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ரிங் எங்கே, கழிவறை எங்கே, வார்ம்-அப் எங்கே செய்யலாம் என்று பார்த்துவிட்டால், இடம் பழகிவிடும்.

எடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடைசி இரண்டு நாளில் தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டு ஓடி எடையைக் குறைப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், கை நடுங்கும். அதைப் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பயமே இல்லை, உடம்பில் தண்ணீர் இல்லை. அந்த நிலையில் தலையில் அடி வாங்குவது ஆபத்தும்கூட. எடை பார்த்து முடித்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பழகிய சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். இட்லி, வாழைப்பழம் போதும். பிரியாணியைச் சண்டை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடைசி அரை மணி நேரம்

காத்திருப்பதுதான் கொடுமை. உங்களுக்கு முன் எத்தனை சண்டை இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, மூன்று நான்கு சண்டைக்கு முன் வார்ம்-அப்பை ஆரம்பியுங்கள். அதுவரை படுத்திருக்கலாம், பாட்டுக் கேட்கலாம், நண்பனோடு சினிமாக் கதை பேசலாம். மற்றவர்கள் நாக்-அவுட் ஆவதை உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

1. மூச்சு: மூக்கு வழியாக மனசுக்குள் நாலு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கணும். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு இறங்கும், அது உடம்பின் அமைப்பு. இரண்டு மூன்று நிமிஷம் போதும். இதை வீட்டிலேயே தினம் பழகியிருந்தால்தான் அங்கே வேலை செய்யும்.

2. உடம்பு: ஸ்கிப்பிங், ஷேடோ பாக்ஸிங், கோச் பிடிக்கும் பேடில் சில குத்துகள். வியர்வை லேசாகத் துளிர்க்கும் வரை. தேங்கி நிற்கும் அட்ரினலினுக்கு இது வடிகால். தோளைக் காது வரை தூக்கி இறுக்கி, சட்டென்று விடுங்கள். நாலைந்து முறை செய்தால் இறுகிய தோள் இளகும்.

3. கண்: எதிர் மூலையில் அவர் வார்ம்-அப் செய்வதைப் பார்க்காதீர்கள். பேடில் எல்லோருடைய குத்தும் பலமாகத்தான் கேட்கும்.

4. வார்த்தை: உங்களுக்கு என்று ஒரு சின்ன வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். 'கை மேலே', 'ஜாப் முதல்ல', 'காலை ஓட்டு' மாதிரி. 'தோத்துடக் கூடாது' என்பது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை.

மணி அடித்த பிறகு

அமெச்சூர் போட்டியில் சீனியர் பிரிவுக்கு மூன்று நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. மொத்தம் ஒன்பது நிமிஷம்தான். அதில் முதல் அரை நிமிஷம் முக்கியம். பதற்றத்தில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, உறைந்துபோய் நிற்பது. இன்னொன்று, முப்பது விநாடியில் எல்லாவற்றையும் வீசித் தீர்ப்பது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காலை அசைத்து, ஒரு ஜாப் போடுங்கள். அது விழணும் என்றுகூட இல்லை. போட்டதும் இன்னொன்று. ஆயிரம் தடவை செய்த வேலையைச் செய்ய ஆரம்பித்ததும் கவனம் பெயரில் இருந்து வேலைக்கு வந்துவிடும். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று மூச்சை விடச் சொல்லிக்கொடுப்பதும் இதற்காகத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பவர் ஒரு ரவுண்டில் களைத்துவிடுவார்.

முதல் குத்து உங்கள் மேல் விழும். விழுந்த பிறகு பலருக்கும் பயம் தெளிந்துவிடுகிறது. இத்தனை நாள் கற்பனையில் பயந்த குத்து இவ்வளவுதானா என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

2021 ஜூலையில், லவ்லினா ஜெயிப்பதற்கு எட்டு நாள் முன்பு வெளியானது 'சார்பட்டா பரம்பரை'. 1970-களின் வட சென்னையை வைத்து எடுத்த அந்தப் படத்தில் கபிலனுக்கு வேம்புலி என்ற பெயரே ஒரு மலையாக நிற்கும். பரம்பரை மானம், ஊர்ப் பேச்சு, குடும்பம் எல்லாம் சேர்ந்து ஒருத்தன் தோள் மேல் ஏறினால் ரிங்கில் என்ன ஆகும் என்பதை அந்தப் படம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கோச்சும் பெற்றோரும் என்ன சொல்லலாம்?

"எப்படியும் ஜெயிச்சுட்டு வா" என்பது அன்பாகச் சொன்னாலும் சுமைதான். டைசன் அழுதது ஞாபகம் இருக்கட்டும். "முடிஞ்சதும் ஒரு போன் பண்ணுப்பா, சாப்பிட மறந்துடாதே" என்று சொல்லும் அம்மா, ஜெயித்தாலும் தோற்றாலும் நீ என் பிள்ளைதான் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

கோச்சுக்கு: ரவுண்டுக்கு இடையில் இருப்பது ஒரு நிமிஷம். அதில் முதல் சில விநாடிகள் மூச்சு வாங்கவும் தண்ணீருக்கும் போய்விடும். மிச்சத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், இரண்டு வேண்டாம். "என்னடா இப்படி ஆடுறே" என்று கத்தினால் அது எந்தத் தகவலையும் தராது. "தம்பி, வலது கை கீழே இறங்குது, தாடையில வை" என்பது தரும்.

இன்னொன்றும் கோச் கையில்தான் இருக்கிறது. ஆறு மாதமே பயிற்சி எடுத்த பிள்ளையைப் பல வருட அனுபவம் உள்ளவர் முன் நிறுத்துவதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. பொருத்தமில்லாத சண்டையில் இருந்து பெயரை எடுப்பதும், அடி அதிகமாக விழும்போது டவலை வீசுவதும் கோச்சின் கடமை. அப்படிப்பட்ட கோச் மூலையில் இருக்கிறார் என்று தெரிந்தாலே பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

எது பயம், எது எச்சரிக்கை மணி?

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கவே கூடாத பகுதி. போட்டிக்கு முன் வரும் நடுக்கம், வயிற்றுப் பிசைவு, வாய் வறட்சி எல்லாம் சண்டை தொடங்கியதும் குறையும், முடிந்ததும் போய்விடும். அது சாதாரணம்.

ஆனால் ஸ்பாரிங்கிலோ முந்தைய சண்டையிலோ தலையில் அடி வாங்கிய பிறகு தலைவலி நிற்காமல் இருப்பது, வாந்தி, பார்வை மங்குவது, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுவது, நடந்தது மறந்துபோவது, நடை தள்ளாடுவது ஆகியவை மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். இவை இருந்தால் ரிங்கில் ஏறவே கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்கணும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிறையப் பசங்க இதை மறைக்கிறார்கள். "சொன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்க" என்பது காரணம். போட்டிக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் உண்மையைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அதைச் சொன்ன பிள்ளையைக் கேலி செய்யும் பயிற்சிக் கூடம் நல்ல கூடம் இல்லை.

நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலும் அதே கதைதான், பயம் என்று தள்ளிவிடாதீர்கள். போட்டியே இல்லாத நாட்களிலும் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், பயிற்சிக்குப் போகவே மனம் வராமல் இருந்தால், அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416-ஐ அழைத்து இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

தோற்றுவிட்டால்?

பதற்றத்தைச் சமாளித்தால் ஜெயித்துவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நம்மைவிடத் திறமையானவர் எதிரே இருந்தால் தோற்கத்தான் செய்வோம். லவ்லினாவே சென்னை ஜெயித்த ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 4-ம் தேதி, அரையிறுதியில் துருக்கியின் புசெனாஸ் சுர்மெனெலியிடம் 0-5 என்று தோற்றார். சுர்மெனெலி தங்கம் வென்றார்.

அதோடு லவ்லினாவின் கதை முடியவில்லை. 2023-ல் டெல்லியில், 2018-ல் அரையிறுதியோடு நின்ற அதே நகரத்தில், 75 கிலோ பிரிவில் உலக சாம்பியன் ஆனார்.

பதற்றத்தைச் சமாளிக்கப் பழகினால் கிடைப்பது இதுதான்: ஜெயித்தாலும் தோற்றாலும், ரிங்கில் ஆடியது நீங்களாக இருப்பீர்கள். ராத்திரி கடைசி பஸ்ஸில் சிதம்பரம், சீர்காழி தாண்டி காரைக்கால் திரும்பும்போது, 'எனக்குத் தெரிஞ்ச ஆட்டத்தை ஆடலையே' என்ற வருத்தம் மட்டும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வராது. அடுத்த முறை சுவரில் ஒட்டிய பட்டியலில் அதே பெயர் வந்தால், வயிறு அன்றைக்கும் புரளத்தான் செய்யும். புரளட்டும். உடம்பு ரெடி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும்.